தோளில் ஒரு பாக்கு

வணக்கம் உறவுகளே. கமெராவுக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறேன். இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், தோலுக்கு அடியில் ஒரு பாக்கை வைத்துத் தைத்ததுபோல ஒரு மேடு தெரிகிறதா? என் காறை எலும்பு ஒட்டிய இடம் அது. சைக்கிளிலிருந்து விழுந்து 11 கிழமை ஆகிறது.

கல்லடிக் கடற்கரைப் பக்கம், விடியற்காலை, நல்ல வேகம். வளைவில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். முன் சில்லு சறுக்கியது தெரிந்தது, தரை வந்தது தெரியவில்லை. எழும்பிப் பார்த்தால், யாரும் சொல்லாமலே வலது கை இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தலைக்கவசம் தலையைக் காத்தது. தோளுக்கு என்ன கவசம்?

கையை நெஞ்சுக்கூட்டோடு இணைக்கும் ஒரே எலும்பு இதுதான். தோள் தரையில் மோதினால் அடி முழுவதும் இதற்குள்தான் இறங்கும். நெளிந்த எலும்பு, நடுவில் மெல்லியது. பத்துப் பேருக்கு முறிந்தால் எட்டுப் பேருக்கு அந்த நடுப்பகுதிதான் போகும். எனக்கும் அங்கேதான். முனைகள் அதிகம் விலகவில்லை, சத்திரசிகிச்சை வேண்டாம் என்று கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

இரவில் படுக்க முடியாது, சாய்மனைக் கதிரையில்தான் தூக்கம். ஒரு கையால் சாரம் கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கட்டினேன். எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்றார் பெரியம்மா. அந்த எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

என்னைக் கெடுத்தவர் பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எவெனபோல். 2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிப் போட்டியில் அவரும் டென்மார்க் வீரர் விங்கெகோரும் ஒரே விபத்தில் விழுந்து, இருவருக்கும் காறை எலும்பு முறிந்தது. ஜூலையில் டூர் டி பிரான்ஸில் விங்கெகோர் இரண்டாமிடம், எவெனபோல் மூன்றாமிடம். அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் எவெனபோலுக்கு இரண்டு தங்கம். அவருக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள், பக்கத்திலேயே மருத்துவர் குழுவும் இருந்தது. எனக்கு இருந்தது கழுத்தில் ஒரு துணி. அதை மறந்து ஆறாம் கிழமையே திருட்டுத்தனமாக ஏறினேன். காத்தான்குடி வருமுன் ஒரு குழியில் சில்லு இறங்கியது. ஹாண்டிலைப் பிடித்த கை வழியாக வலி தோளுக்குப் பாய்ந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

திறப்பு நேற்றுத்தான் கைக்கு வந்தது. முதல் வேலையாக அந்த வளைவுக்குப் போய் மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு வந்தேன். இன்று காலை பார்த்தால், அவ்வளவும் திரும்ப வந்து கிடக்கிறது.