சோபாவில் குதிக்கும் குழந்தைக்கு என்ன விளையாட்டு?

[காட்சி: வீட்டுக் கூடம். ஒரு சிறுமி சோபாவிலிருந்து தரைக்குக் குதிக்கிறாள். ஏறுகிறாள். மறுபடியும் குதிக்கிறாள்.]

"குதிக்காதே" என்று சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டை வறண்டிருக்கும். அவள் கேட்காமல் இல்லை. கேட்டாள், உட்கார்ந்தாள், இரண்டாவது நிமிடத்தில் கால் தானாக எழுந்துவிட்டது. துறுதுறுவென்று இருக்கும் குழந்தையோடு ஒரு நாள் இருந்து பார்த்த யாருக்கும் இது தெரியும்.

அந்தக் கால்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம்: நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிட உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாடுவது. பள்ளியிலும் வண்டியிலும் உட்கார்ந்தே இருந்துவிட்டு வரும் குழந்தை, மிச்சக் கணக்கை சோபாவில் தீர்த்துக்கொள்கிறது.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? "போய் நல்லா ஓடிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம், களைத்துப்போனால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில். பல சமயம் நேர்மாறாக நடக்கும். ஓடி ஓடிச் சூடேறிய குழந்தை இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாகத் திரும்பி வரும். அதனால்தான், நடுவில் நிற்க வைக்கும் விளையாட்டுகளை நான் முதலில் சொல்வேன்.

[காட்சி: பாட்டு ஒலிக்கிறது. மூன்று குழந்தைகள் ஆடுகிறார்கள். பாட்டு நிற்கிறது.]

சிலை விளையாட்டு. பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றதும் அப்படியே உறைந்துவிட வேண்டும். இந்தப் பையனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கிறான். தூக்கிய கால் நடுங்குகிறது, நாக்கு ஓரமாக வெளியே வந்திருக்கிறது, சிரிப்பை அடக்குவதில் கன்னம் உப்பிவிட்டது. ஆடியதைவிட இந்த மூன்று விநாடிக்குத்தான் அவனுக்கு அதிக முயற்சி. தன்னை அடக்கும் வேலையில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதிக்கு. அது முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ஆறு வயதில் தன்னை அடக்குவது சுலபமாக வராது, பழகப் பழகத்தான் வரும்.

இரண்டாம் சுற்றில் விதியைத் தலைகீழாக்குங்கள்: வேகப் பாட்டுக்கு ஆமை போல ஆட வேண்டும், மெதுவான பாட்டுக்குப் பறக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் பாட்டை நிறுத்தும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அசைந்தவர்களை 'அவுட்' என்று ஓரமாக உட்கார வைக்காதீர்கள். முதலில் அவுட் ஆவது யார்? அதிகத் துறுதுறுப்பான குழந்தைதான். யாருக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவையோ, அவரே சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக, அசைந்தவர் ஐந்து தவளைத் தாவல் போட்டுவிட்டு மறுபடியும் ஆட்டத்துக்குள் வரட்டும்.

[காட்சி: துணிக்கூடை நிறையப் புத்தகங்கள். ஒரு குழந்தை அதைத் தரையில் தள்ளிக்கொண்டு போகிறது.]

அடுத்தது தள்ளுவது, இழுப்பது, தூக்குவது. நம் தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள், கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பாரம் தள்ளும்போது இந்தச் செய்தி பலமாகப் போகும். நிறையக் குழந்தைகள் இதற்குப் பிறகு கொஞ்சம் நிதானமாவதை நீங்களே பார்க்கலாம்.

கூடைக்கு அடியில் ஒரு பழைய துணியை விரித்தால் தரையில் கீறல் விழாது. "இது சரக்கு ரயில், சமையலறை ஸ்டேஷனில் இரண்டு புத்தகம் இறக்க வேண்டும்" என்று ஒரு கதையைக் கட்டிவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. கையையும் காலையும் ஊன்றி நடக்கும் கரடி நடை, வயிறு மேலே பார்க்க அப்படியே நடக்கும் நண்டு நடை எல்லாம் இதே வகைதான். சத்தமும் வராது, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி. குழந்தை கைகளால் நடக்க, நாம் அதன் கால்களைத் தூக்கிப் பிடிக்கும் கைவண்டி நடையில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: சின்னக் குழந்தையைக் கணுக்காலில் பிடித்துத் தூக்காமல் தொடைப் பக்கமாகப் பிடியுங்கள், கைகளுக்குப் பாரம் குறையும்.

மழை நாளுக்குப் பலூன். கீழே விழாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தைவிட மெதுவாக இறங்குவதால் சின்னக் குழந்தைக்கும் ஓடிப்போய்த் தட்ட நேரம் கிடைக்கும். பலூன் உடைந்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சிறு குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும்.

வெளியே இடம் இருந்தால் கண்ணாமூச்சி, ஓடிப்பிடித்தல், பாண்டி. இவற்றை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லைக்கோட்டை மட்டும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். பந்தயம் வைத்தால் அக்காவோடும் தம்பியோடும் வேண்டாம், தன்னோடு தானே போட்டி போடட்டும். "போன தடவை 22 விநாடி, இப்போது பார்க்கலாமா?" என்றால் போதும், சண்டையே வராது.

தட்டாமாலை சுற்றுவதும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. சுற்றுவதை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் கிறுகிறுப்பு. குழந்தை தானாகச் சுற்றித் தானாக நிற்கட்டும். "போதும்" என்று சொன்ன பிறகு நாம் பிடித்துச் சுற்றிவிடக் கூடாது.

[காட்சி: வெளிச்சம் குறைகிறது. தரையில் பாய்.]

சரி, முடிப்பது எப்படி? நிறைய வீடுகளில் அழுகை வருவது இங்கேதான். ஓட்டத்தின் உச்சத்தில் "போதும், வா" என்றால் யாருக்கும் கோபம் வரும். ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கடைசிச் சுற்று என்ன விளையாட்டு என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம் ஓட்டம் நடையாகட்டும், நடை தவழலாகட்டும். தண்ணீர் குடிக்கட்டும். பிறகு பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு துணிப் பொம்மையை வையுங்கள். பொம்மையைக் கீழே விழாமல் தூங்க வைக்க வேண்டும், இதுதான் கடைசி விளையாட்டு.

[காட்சி: குழந்தையின் வயிற்றில் ஒரு சின்ன யானைப் பொம்மை. முதலில் படபடவென்று ஏறி இறங்குகிறது. அப்புறம் மெதுவாக. இன்னும் மெதுவாக.]