தலைமடைக்காரர் ஏன் தண்ணீர் விடுகிறார்?

அனைவருக்கும் வணக்கம். வாய்க்கால் தண்ணீர் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் அது தகராறில்தான் போய் முடியும். இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல்வயல். மேலே இருப்பவர், அதாவது தலைமடைக்காரர், அடைத்துக்கொண்டால் கீழே ஒரு சொட்டு இறங்காது. ஆனாலும் விடுகிறார்கள். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரே வாய்க்காலில் பாயும் உழவர்களின் கூட்டுக்கு அங்கே சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனத்திலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. நீங்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வயலுக்கு எந்த வாய்க்காலோ, அந்தச் சுபாக்கில் நீங்கள் ஆள்.

பங்கு பிரிப்பது எப்படி? வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதன் மேல்விளிம்பில் செதுக்கிய பள்ளங்கள், அவ்வளவுதான். ஆழம் எல்லாவற்றுக்கும் ஒன்று. அவரவர் பங்குக்கு ஏற்ப அகலம் மட்டும் மாறும். வெள்ளம் வந்தாலும் வறண்டாலும் விகிதம் குலையாது. ராத்திரியில் யாராவது உளி வைத்தால் காலையில் ஊரே பார்த்துவிடும்!

சரி, இதில் தலைமடைக்காரருக்கு என்ன லாபம்? பூச்சிதான். அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அறுத்துத் தரிசு போட்டால், பூச்சிக்கும் எலிக்கும் தின்ன ஒன்றும் இருக்காது. கீழே உள்ளவர் தண்ணீர் இல்லாமல் பிந்தி நட்டால், இவர் வயலில் அறுப்பு முடியும்போது அவர் வயல் பச்சையாக நிற்கும்; பூச்சி அங்கே தங்கிப் பெருகி, அடுத்த போகத்துக்கு மேலே ஏறி வரும். ஆக, தண்ணீரை விடுவது தர்மம் மட்டுமல்ல, தன் பயிருக்கான காவலும்கூட. எந்தப் பகுதி எப்போது நடுவது என்பதை பாசனத் தண்ணீருக்கென்றே உள்ள நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது ரகம், இடைவிடாமல் நடவு என்றது அரசு. அவரவர் இஷ்டத்துக்கு நட்டார்கள். புகையான் என்ற பூச்சியும் துங்ரோ என்ற நெற்பயிர் நோயும் வயல்களைச் சூறையாடின. மருந்து அடித்தும் அடங்கவில்லை. அப்புறம் மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஆறுகளையும் சுபாக்குகளையும் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். கோயில்கள் வகுத்திருந்த ஏற்பாட்டில்தான் விளைச்சல் நன்றாக வந்தது. நிபுணர்களுக்கு இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்த அழகைப் பார்க்க வரும் கூட்டத்துக்காக வயலை விற்று விடுதி கட்டுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். நடுவில் ஒரு வயல் கட்டடமாகி வாய்க்கால் மறிபட்டால், கீழே உள்ளவருக்குத் தண்ணீர் நின்றுபோகும். உழவரோடு என்றால் நடவுத் தேதி பேசலாம். விடுதிக்காரருக்குப் புகையான் பயம் ஏது?