பூவா தலையா போட்டு இன்சுலின் லேபுக்குள்ள போன பையன்! பிசியாலஜி + பயோடெக் மேல்படிப்பு உண்மையில என்ன?

உங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் தொறந்து பாருங்க, முட்டைக்குப் பக்கத்துல இன்சுலின் பேனா இருக்கா? எங்க வீட்ல இருக்கு, பாட்டியோடது. அது அங்க வந்து உக்காந்ததுக்குப் பின்னாடி ஒரு காலேஜ் பையன் காசு சுண்டின கதை இருக்கு.

வணக்கம் மக்களே! பிஎஸ்சி முடிக்கற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்கற கேள்வி, பிசியாலஜியும் பயோடெக்கும் சேத்துப் படிக்கறாங்களே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு. அமெரிக்காவுல ப்ரவுன் யூனிவர்சிட்டில ஒரு டிபார்ட்மென்ட்டோட பேரே மாலிகுலர் பார்மகாலஜி, பிசியாலஜி அண்ட் பயோடெக்னாலஜி, போர்டு எழுதினவருக்கு பாதில பெயிண்ட் தீந்திருக்கும். விளக்கம் ஒரே வரில: உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தோண்டிப் பாக்கறது பிசியாலஜி, உயிருள்ள செல்லையே வேலைக்கு வெச்சு நமக்கு வேணும்கறத செய்ய வைக்கறது பயோடெக். முடிஞ்சுது, கதைக்கு வாங்க.

(ஸ்க்ரீன்ல: டொரன்டோ, 1921)

கனடாவுல டொரன்டோ யூனிவர்சிட்டி, பிசியாலஜி புரொஃபசர் பேரு மெக்லவுட். அவர்கிட்ட பான்ட்டிங்னு ஒரு சர்ஜன் வந்து, கணையத்துல இருந்து சுகரைக் குறைக்கற சமாச்சாரத்தை நான் எடுத்துக் காட்டறேன், லேப் குடுங்கன்னு கேக்கறாரு, ஆராய்ச்சி அனுபவம் கிட்டத்தட்ட சைபர். மெக்லவுட்டுக்குப் பெருசா நம்பிக்கை இல்ல, ஆனாலும் ஒரு ரூம், கொஞ்சம் நாய்ங்க, உதவிக்கு ஒரு ஸ்டூடண்ட்னு குடுத்தாரு. யாரு அந்த ஸ்டூடண்ட்? டிகிரி முடிச்ச கையோட மாஸ்டர்ஸ் பண்ண நின்னுட்டிருந்த ரெண்டு பசங்க, சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். லீவுல பாதி நாள் நீ, பாதி நாள் நான், மொதல்ல யாருன்னு பூவா தலையா போட்டாங்க, பெஸ்ட் பக்கம் விழுந்துச்சு. அப்பறம் வேலை சூடு பிடிச்சதும் நடுவுல ஆளை மாத்த வேணாம்னு பெஸ்ட்டே தொடர்ந்துட்டாரு. பேர்லயே நோபிள் வெச்சிருந்த மனுஷன், டாஸ்ல அவுட்!

பெஸ்ட்டோட வேலை என்னன்னா நாயோட ரத்தத்துல, சிறுநீர்ல சுகர் எவ்ளோன்னு டெஸ்ட் பண்றது, இப்ப மாதிரி விரல்ல ஒரு குத்து குத்தினா மெஷின்ல நம்பர் வர்ற காலமா அது? ஒவ்வொண்ணுக்கும் கண்ணாடிக் குழாயைக் கட்டிக்கிட்டு அழணும். ஜூலை 30, நாய் நம்பர் 410. கணையத்துல இருந்து எடுத்த சாறை ஊசில ஏத்தறாங்க, அதுல இருந்த சமாச்சாரம்தான் இன்சுலின், நம்ம லேப் ரிப்போர்ட் கணக்குல சொன்னா 200 இருந்த சுகர் ஒரு மணி நேரத்துல 120. வேர்வையும் நாய் நாத்தமுமா இருந்திருக்கும் அந்த ரூம்ல அந்த நம்பரை எழுதினப்ப அந்த 22 வயசுப் பையனுக்குக் கை நடுங்கியிருக்காதா, எனக்குப் படிக்கறப்பவே நடுங்குது.

1922 ஜனவரி 11, டொரன்டோ ஆஸ்பத்திரில சுகர் வியாதி இருந்த 14 வயசுப் பையனுக்கு மொதல் ஊசி. சொதப்பல், ஊசி போட்ட எடம் சீழ் வெச்சிடுச்சு. காலிப்னு ஒரு பயோகெமிஸ்ட் அதைச் சுத்தம் பண்ணிக் குடுக்க, 23-ம் தேதி போட்டப்ப சுகர் எறங்கிச்சு. அடுத்த வருஷமே நோபல் பரிசு, பான்ட்டிங்குக்கும் மெக்லவுட்டுக்கும். பெஸ்ட்டுக்கு? பட்டை நாமம். பான்ட்டிங் கோவப்பட்டுத் தன் பரிசுப் பணத்துல பாதியை அவருக்குக் குடுத்தாரு, அது வேற விஷயம். ராத்திரி பகலா டெஸ்ட் பண்றவன் ஒருத்தன், ஃபோட்டோல நிக்கறவன் ஒருத்தன். பிஎச்டி பண்ற யாராவது பாத்துட்டிருந்தா ஒரு லைக்கைத் தட்டிட்டு போங்க.

இதுவரைக்கும் பிசியாலஜி. பயோடெக் எங்க வருது? அப்பறம் அம்பது வருஷத்துக்கு மேல இன்சுலின் பன்னி, மாட்டுக் கணையத்துல இருந்துதான் வந்துச்சு, கால் கிலோ எடுக்க சுமார் 2 டன் பன்னி உறுப்பு வேணும். நம்ம இன்சுலின்ல 51 அமினோ அமிலம், பன்னியோடதுல ஒண்ணே ஒண்ணுதான் வேற, மாட்டோடதுல மூணு, அதனாலதான் ஒத்துப்போச்சு, சிலருக்கு அலர்ஜியும் வந்துச்சு. 1978-ல ஜெனன்டெக் கம்பெனியும் சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி மையமும் சேந்து, மனுஷ இன்சுலினுக்கான டிஎன்ஏவை நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு அதையே தயாரிக்க வெச்சாங்க, 1982-ல ஹ்யூமுலின்னு மார்க்கெட்டுக்கு வந்துச்சு. பாட்டி சைவம், அவங்க இன்சுலினும் இப்ப பன்னி இல்லாமதான் வருது.

சரி, படிப்பு. அமெரிக்கால பிஎச்டின்னா பொதுவா அஞ்சாறு வருஷம், மொதல் வருஷம் கிளாஸ், அப்பறம் ஒரு பெரிய பரிட்சை, அப்பறம் தீசிஸ், பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, மாசச் செலவுக்குப் பணமும் வரும். நடுவுல ரொட்டேஷன்னு ஒண்ணு இருக்கு, சில வாரம் இந்த லேப், சில வாரம் அந்த லேப்னு வேலை பாத்துட்டு எங்க சேர்றதுன்னு முடிவு பண்றது. பொண்ணு பாக்கப் போற மாதிரிதான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது. தெருமுனைக் கடைல மாப்பிள்ளையைப் பத்தி விசாரிப்போம்ல, அதே மாதிரி கைடைப் பத்தி அங்க இருக்கற சீனியர்கிட்ட விசாரிச்சிடுங்க, புரொஃபசரோட வெப்சைட்டை நம்பாதீங்க.

ஆங், பெஸ்ட் கதை பாக்கி. மெக்லவுட் ஊருக்குத் திரும்பிப் போயிட்டதும், 1929-ல அதே பிசியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கு ஹெட் யாரு தெரியுமா? 30 வயசு பெஸ்ட். சரி மக்களே, பாட்டி கூப்பிடறாங்க, ஊசி டைம், வரேன்.