லண்டனில் ஒரு சனி, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம்.

மேல்படிப்புக்குப் பிரிட்டன் போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி அழைத்தார்கள். விசா, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது ஊர் சுற்றுவது ஒன்றைத்தான். பின்வரிசையில் இருக்கும் அப்பா அம்மாக்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளை ஷெஃபீல்டில் படித்தாலும் லெஸ்டரில் படித்தாலும் ஒரு நாள் லண்டன் போகத்தான் போகும். கல்விக் கடன் காசில்தான் போகும். அது எப்படிச் செலவாகிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டுமே.

1888ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன மாணவர் ஒருவர், படிப்புக்கு நடுவே பாரிஸில் நடந்த பெரிய பொருட்காட்சியைப் பார்க்கக் கிளம்பினார். சைவ உணவு விடுதி ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கேயே அறை எடுத்தார். கையில் நகர வரைபடம் ஒன்று, பொருட்காட்சி வரைபடம் ஒன்று. ஏழு நாளும் சிக்கனமாகவே சுற்றினார். ஒரே ஒரு இடத்தில் கை நழுவிவிட்டது. அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஈபிள் கோபுரத்தில் ஏறி, அங்கிருந்த உணவகத்தில் ஏழு ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார். அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே அந்தக் காசைத் தொலைத்தேன் என்று பிறகு தன் வரலாற்றில் எழுதினார். அந்த மாணவர் காந்தி.

அந்த ஏழு ஷில்லிங்கைத்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன். லண்டனிலும் பெரும்பாலான காசு அப்படித்தான் போகும். தேம்ஸ் கரை ராட்டினம், மெழுகுச் சிலைக் கூடம், கண்ணாடிக் கோபுரத்தின் உச்சி. எல்லாம் ஏறினேன், நின்றேன், படம் எடுத்தேன் என்று சொல்வதற்கான செலவு. ஆசைப்பட்டால் ஒன்றுக்குக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஊரில் உண்மையிலேயே பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் டிக்கெட்டே கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம் இலவசம். நேஷனல் கேலரி இலவசம். டேட் மாடர்ன் என்ற நவீனக் கலைக்கூடம் இலவசம். தென் கென்சிங்டனில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. 2001 கடைசியிலிருந்து அவையும் இலவசம். மெக்கானிக்கல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குள் போய்த் திப்புவின் மரப்புலியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனை மல்லாக்கச் சாய்த்து அவன்மேல் நிற்கிறது புலி. வயிற்றுக்குள் ஆர்கன் பொறி. கைப்பிடியைச் சுற்றினால் உறுமலும் அலறலும் கேட்கும்படி செய்தது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது தூக்கிக்கொண்டு போனார்கள்.

சரி, ரயிலுக்கு வருவோம். மாணவர்களுக்கு ரயில்கார்டு உண்டு. வாங்கிவிட்டால் பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதைவிட மலிவு பேருந்து, நேரம்தான் கூட. லண்டனுக்குள் தனியாக டிக்கெட் வாங்க வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆனால் காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் போனைத் தட்டினால், ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டு ஆள் என்றுதான் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். எதைக் காலையில் எடுத்தீர்களோ அதையே இரவு வரை தட்டுங்கள்.

பாதாள ரயில் வரைபடத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஹாரி பெக் என்பவர் வரைந்து 1933ல் வெளியான முறையில் வந்த படம் அது. நேர்கோடுகளும் சாய்கோடுகளுமாகப் பார்க்க அழகாக இருக்கும். எங்கே மாற வேண்டும் என்று சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. லெஸ்டர் ஸ்குவேர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் நடுவே முந்நூறு மீட்டர்கூடத் தேறாது. அதற்குப் போய் மின்படிக்கட்டில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே வருகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

ஆகவே நடங்கள். ஷெஃபீல்டு, லெஸ்டர் ரயில்கள் செயின்ட் பான்கிராஸில் வந்து நிற்கும். இறங்கித் தெற்கே கொஞ்சம் நடந்தால் டாவிஸ்டாக் ஸ்குவேர் என்று ஒரு சின்னப் பூங்கா. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் நம் காந்தி, 1968ல் வைத்த சிலை. மாணவனாக இதே ஊரில் வண்டிக் காசை மிச்சம் பிடிக்க நாளுக்கு எட்டு, பத்து மைல் நடந்தவர். இன்னும் கொஞ்சம் போனால் ரஸல் ஸ்குவேர். அதை ஒட்டிய சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் கூப்பிடு தூரம்.

மியூசியத்தில் எகிப்திலிருந்து வந்த ரொசெட்டா கல்வெட்டைச் சுற்றிப் பெருங்கூட்டம் நிற்கும். ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்து அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். குண்டூர்ப் பக்கத்துப் பௌத்தத் தூபியின் சுண்ணக்கற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஒரு பகுதி கப்பலேறியது. இரண்டு பக்கமும் செதுக்கிய பலகை ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். பழைய பக்கத்தில் மரத்தடியில் ஓர் ஆசனம், ஆசனத்தில் ஆள் இல்லை. புத்தரை உருவமாகக் காட்டாத காலத்துச் செதுக்கல். சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் தூபியையே முழுசாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கம், மாலை, வானில் பறப்பவர்கள் என்று உள்ளங்கை அகலம்கூடச் சும்மா விடவில்லை. இந்தத் தொகுப்பின் இன்னொரு பெரும்பகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. விமானம் ஏற இன்னும் நாள் இருக்கிறதே, அதை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே போய் நிற்கும்போது உங்களுக்கு இரண்டு பாதியும் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமைக்கு இது போதும். ராத்திரி சாம்பார் நினைப்பு வந்தால் ஈஸ்ட் ஹாம் இருக்கிறது, பாதாள ரயிலில் டிஸ்ட்ரிக்ட் லைன் கொண்டு விடும். நம் ஆட்களும் ஈழத்துக்காரர்களும் நடத்தும் கடைகள் வரிசையாக உண்டு. ஒரு வேளைச் சாப்பாட்டோடு திரும்பிவிடுங்கள். இரண்டு நாளும் அங்கேயே தோசை தின்றுவிட்டு லண்டன் பார்த்தேன் என்று சொன்ன பையன்களை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், வழிபாடு மட்டும்தான். வழிபாட்டுக்கு உட்கார்ந்தால் கட்டணம் இல்லை. எந்த மதமாக இருந்தால் என்ன, அமைதியாக உட்கார்ந்து கோஷ்டிப் பாடலைக் கேட்டுக்கொண்டே அந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கலாம். வெளியே வந்தால் எதிரே மில்லெனியம் பாலம். பொறியியல் படிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். 2000 ஜூனில் அதைத் திறந்தார்கள். ஜனங்கள் ஏறினார்கள், பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியது. ஆடும் தரையில் விழாமல் இருக்க எல்லோரும் தங்களை அறியாமல் ஒரே தாளத்தில் காலை அகட்டி வைத்தார்கள். அந்தத் தாளம் ஆட்டத்தை இன்னும் கூட்டியது. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். அடியில் அதிர்வு தணிப்பான்களைப் பொருத்தி 2002ல்தான் மறுபடி திறந்தார்கள். பாலத்துக்குக் கீழே பார்த்தால் இன்றைக்கும் அவை கண்ணில் படும். இதற்கும் டிக்கெட் இல்லை.

பாலம் போய் முடிவது டேட் மாடர்ன் வாசலில். பழைய மின் நிலையம் அது. 99 மீட்டர்ப் புகைபோக்கியை இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வடிவமைத்தவர். அங்கிருந்து ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்தால் டவர் பாலம் வரும். எல்லோரும் லண்டன் பாலம் என்று நினைத்துப் படம் எடுப்பது இதைத்தான். நிஜ லண்டன் பாலம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், சாதாரணக் கான்கிரீட். அதற்கு முன்பிருந்த பாலத்தை 1968ல் ஓர் அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள். அவர் கல் கல்லாக அரிசோனாவுக்குக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

கடைசியாகக் கால நேரம். டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும், அதனால் முதல் பயணத்தை அக்டோபரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வசந்தம் வரட்டும். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். தண்டவாள வேலைகளையும் வார இறுதியில்தான் அதிகம் வைப்பார்கள், பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவதும் உண்டு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு இருந்தால் ஞாயிறு கடைசி ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள், அதற்கு முந்தியதில் வாருங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பெற்றோர்கள் முதலில் கேட்கட்டும்.