இன்னொரு தடவை எண்ணுங்க, தம்பி

நடுவர் ஐயா அவர்களுக்கும், பனியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும் வணக்கம்.

தலைப்பு: 'ஆச்சி நம் மனசில் நிற்பது சொன்ன கதையாலா, செய்த உழைப்பாலா?' நான் உழைப்பு பக்கம். காரணங்களை அப்புறம் சொல்கிறேன். எதிரணி அக்கா ஒரு குத்து குத்திவிட்டு உட்கார்ந்தார்கள், அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது.

"ஆச்சி அரைத்த அம்மிக்கு மிக்சி வந்தாச்சு, ஆட்டின உரலுக்கு கிரைண்டர் வந்தாச்சு. ஆச்சி சொன்ன கதைக்கு எந்த மெஷின் வந்தது?" என்று கேட்டார்கள். நீங்களும் கை தட்டினீர்கள்.

அக்கா, கதைக்குத்தானே இத்தனை மெஷின் வந்திருக்கிறது! ரேடியோ வந்தது, டிவி வந்தது, இப்போது செல்போன். இங்கே இருக்கிற தாய்மார்கள் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: நேற்று ராத்திரி பிள்ளைக்குக் கதை சொல்லியா சோறு ஊட்டினீர்கள்? செல்லைக் கையில் கொடுத்துத்தானே? அந்த மூணாவது வரிசை அம்மா சிரிக்கிறார்கள், எனக்குச் சாட்சி கிடைத்தாச்சு.

ஆனால் எங்க ஆச்சி செய்த வேலையை இன்றைக்கும் கைதான் செய்கிறது. எனக்குத் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். அங்கே தெருவுக்குத் தெரு, திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றுகிற வேலை. பெண் பார்க்கப் போனால் "பாடத் தெரியுமா" என்று கேட்க மாட்டார்கள், "ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுத்தும்?" என்றுதான் கேட்பார்கள். மத்தியப் பிரதேசத்துக் காட்டிலும் ஒடிசாக் காட்டிலும் பறித்த பீடி இலை எங்க ஆச்சி மடிக்கு வரும். முந்தின ராத்திரியே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் தகட்டை வைத்து அளவாக வெட்டி, சுளகை மடியில் வைத்து, புகையிலைத் தூள் போட்டு, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டுவார். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆனால் ஆயிரம். ஆயிரம் முடித்தால்தான் அன்றைக்குக் கூலி கூலி மாதிரி இருக்கும்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். எனக்கு ஏழு வயது. ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சுற்றின பீடியைக் கொடுத்துக் கூலி வாங்குகிற பீடிக்கடைக்குப் போயிருக்கிறேன். பெரிய வரிசை. எண்ணி வாங்குகிறவர் எங்க கட்டு ஒன்றைப் பிரித்தார், எண்ணினார். "ஆச்சி, 23தான் இருக்கு. ரெண்டு குறையுது." ஒரு கட்டில் குறைந்தால் எல்லாக் கட்டிலும் குறைந்த மாதிரி கணக்கு, கூலியில் பிடித்துவிடுவார்கள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். சண்டை போடவில்லை. அந்தக் கட்டை வாங்கினார். எண்ணவில்லை ஐயா, குனிந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தடவை, இதோ இப்படி, அழுத்தினார். "25 இருக்கு. எண்ணுங்க, தம்பி."

எண்ணினார். 24.

அப்போது ஆச்சி சொன்னாரே ஒரு வார்த்தை! "ஒண்ணு வந்துட்டு பாத்தீங்களா? இன்னொரு தடவை எண்ணுங்க, மத்ததும் வந்துரும்."

வரிசையே சிரித்துவிட்டது. மறுபடி எண்ணினார். 25!

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? முதல் தடவை 23. ஆச்சி ஒரு அழுத்து அழுத்தினார், 24. "இன்னொரு தடவை எண்ணுங்க, மத்ததும் வந்துரும்." 25! எங்க தெருவில் இன்றைக்கும் கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால், "இன்னொரு தடவை எண்ணுங்க, மத்ததும் வந்துரும்" என்றுதான் சொல்வார்கள்.

அக்கா, அந்த உள்ளங்கை கதை கேட்டு வந்ததா? ஒரு நாளைக்கு ஆயிரம், வருஷக்கணக்கில் உருட்டி உருட்டி வந்த கை. அந்தக் கைக்கு இந்த நாடே சட்டம் எழுதியது. 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம், 1976-ல் நல நிதிச் சட்டம், 1977-ல் வைப்பு நிதி. அந்த நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்கு வருகிற உதவித்தொகையில்தான் எங்க அம்மா நோட்டும் சீருடையும் வாங்கினார். எங்க அம்மா படித்ததால் நான் படித்தேன். நான் படித்ததால் இந்த மைக் என் முன்னால் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம்.

ஆச்சி கதையும் சொல்வார், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ராஜகுமாரன் காட்டில் வழி தெரியாமல் அழுகிற இடத்தில் எனக்குக் கண் நிறையும். அப்போதும் ஆச்சி கை நிற்காது. எனக்கு ராஜகுமாரன் பேர் மறந்துவிட்டது. நூலைப் பல்லால் கடிக்கிற அந்தச் சத்தம் மறக்கவில்லை. தூள் ஏறி ஏறி, சாயங்காலமானால் ஆரம்பிக்கிற அந்த இருமலும் மறக்கவில்லை.

கடைசி மாசம் படுக்கையில்தான் இருந்தார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேலை ஓரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்கும். உருட்டி, மடக்கி, விட்டுவிட்டு, மறுபடி உருட்டும். ஒரு ராத்திரி நான் பக்கத்தில் இருக்கும்போது விரல் நின்றது. கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "ஏல, கட்டு சரியா இருக்கா?"

நான் அந்தக் கையை என் கைக்குள் வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினேன் ஐயா.

"25 இருக்கு, ஆச்சி."

வணக்கம்.