எச்.பி.எல்.சி. பயிற்சிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டலாமா? – ஒரு வேதியியல் மாணவியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு வந்த சந்தேகங்களில், தூத்துக்குடி மாவட்டத்தில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எச்.பி.எல்.சி. என்பது ஒரு கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி. அவர் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "எங்கள் கல்லூரியில் எச்.பி.எல்.சி. கருவி இல்லை. வேலைக்குப் போன அக்காமார்கள், இன்டர்வியூவில் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள். சென்னையில் ஒரு நிலையத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சேரலாமா? சேராவிட்டால் வேலை கிடைக்குமா? ஷிஃப்ட் வேலை என்று சொல்கிறார்களே, அது உண்மையா?"

கடன் வாங்கிச் சேர வேண்டாம் என்பதே என் பதில். மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையிலும், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். ஒழுங்காக நடக்கும் எந்த மருந்து ஆய்வகத்திலும், புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரத்திலேயே கருவியின் முன்னால் உட்கார வைக்கமாட்டார்கள். அந்த நிறுவனத்தின் செயல்முறை ஆவணங்களை, எஸ்.ஓ.பி. என்று சொல்கிறோமே, அவற்றைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூத்தவர் ஒருவர் செய்வதைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே முடிவு தெரிந்த ஒரு மாதிரியை நீங்களே ஆய்வு செய்து, உங்கள் முடிவு அதனோடு பொருந்துகிறது என்று காட்டிய பிறகுதான் உங்கள் பெயர் தகுதி பெற்ற ஆய்வாளர் பட்டியலில் ஏறும். வெளியில் வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தாலும் இந்தப் படிகளில் ஒன்றுகூடக் குறையாது. கருவியை எப்படியும் அவர்கள்தான் சொல்லித்தரப் போகிறார்கள் என்கிறபோது, அதற்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

அப்படியானால் நேர்காணலில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்பீர்கள். இவரை நம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கலாமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் கல்லூரிகளில் நேர்மாறான பழக்கம்தான் வேரூன்றியிருக்கிறது. உங்கள் டைட்ரேஷன் ப்ராக்டிகலையே, அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவைக் கண்டறியும் சோதனையையே, எடுத்துக்கொள்வோம். முதல் முறை 19.6 மில்லி வருகிறது. இரண்டாவது முறை 19.9 வருகிறது. மூன்றாவது முறை செய்ய நேரம் இல்லை. பக்கத்து மேசைத் தோழிக்கு 19.6 வந்திருக்கிறது என்று தெரிந்ததும், 19.9 ரப்பரால் அழிக்கப்பட்டு 19.6 ஆகிவிடுகிறது, கன்கார்டன்ட் வேல்யூ, அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு, கிடைத்துவிட்டதாக ரெக்கார்டு நோட்டில் ஏறி, மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வேதியியல் படித்தவர்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் எவரும் இருக்கமாட்டார். கல்லூரியில் இது சின்னக் குறும்பு. ஆய்வகத்தில் இதே காரியத்துக்கு வேலை போகும்.

அங்கே ஒவ்வொரு பதிவையும், யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், வேலை நடக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், படியெடுத்ததாக இல்லாமல் முதல் பதிவாகவே இருக்க வேண்டும், பிழையின்றி இருக்க வேண்டும் என்ற ஐந்து அளவுகோல்களால் பார்க்கிறார்கள். அல்கோவா என்று அதற்குப் பெயர். எழுதியதில் தவறு நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணையும் சுருக்கொப்பத்தையும் தேதியையும் காரணத்தையும் எழுத வேண்டும். ஒயிட்னர் ஆய்வகத்துக்குள்ளேயே வரக் கூடாது. இது வெறும் கெடுபிடி இல்லை. 2013-ஆம் ஆண்டில் இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை நிறுவனம், தரக் குறைவான மருந்துகளை விற்றதையும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பொய்த் தகவல் கொடுத்ததையும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதற்குப் பிறகு இந்திய ஆய்வகங்களின் நோட்டுப் புத்தகங்களைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் எத்தனை சந்தேகத்தோடு புரட்டுகிறார்கள் என்பதை உள்ளே இருப்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே நாளைக் காலை ப்ராக்டிகலிலிருந்தே தொடங்குங்கள். அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். 19.9 வந்தால் 19.9 என்றே எழுதி, அது ஏன் வந்திருக்கும் என்று ஒரு வரி சேருங்கள்: ப்யூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் இருந்ததா, முடிவு நிலையைத் தாண்டிவிட்டோமா, கூம்புக் குடுவையைச் சரியாகக் கழுவவில்லையா? அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன, ஏனென்றால் அனுமதித்த வரம்பை மீறிய முடிவு வரும்போது நடக்கும் விசாரணை அறிக்கை முழுவதும் அந்த வரியின் விரிவுதான். மதிப்பெண் குறையுமே என்று பயப்படுவீர்கள். உங்கள் மேடத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள். எல்லாரும் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, எச்.பி.எல்.சி. பற்றிக் கேட்டால் என்ன செய்வது? கேட்பார்கள்; ஆனால் அவர்கள் கேட்பது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அல்ல. "அழுத்தம் திடீரென்று ஏறுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். சி-18 பொருள் அடைத்த பிரிப்புக் குழாயின் முகப்பில் நுண்துகள் அடைத்திருக்கலாம், கரைசலை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டாமல் விட்டிருக்கலாம். பஃபர் (அமில காரத் தன்மை மாறாமல் காக்கும் உப்பு) கலந்த கரைசல் குழாயில் இருக்கும்போதே அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை அதிக அளவில் செலுத்தியதால் உப்பு படிந்திருக்கலாம். முதலில் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓட்டிப் பார்த்தால், அடைப்பு குழாயிலா கருவியிலா என்று தெரிந்துவிடும். இந்தப் பதிலைச் சொல்வதற்குக் கருவியைத் தொட்டிருக்க வேண்டியதில்லை, கரைதிறன் புரிந்திருந்தால் போதும். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் பகுப்பாய்வு வேதியியல் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் கருவி இருந்தால், துறைத்தலைவரின் கடிதத்தோடு போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வருவதற்கும் வழி கேளுங்கள்.

இன்னொன்று, காகிதமும் பேனாவும் கொடுத்துக் கேட்கும் கணக்கு. 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) கரைசலிலிருந்து 10 பி.பி.எம். கரைசல் 100 மில்லி தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டால், 1 மில்லி எடுத்து 100 மில்லி குடுவையில் நிரப்ப வேண்டும் என்பதை யோசித்துச் சொல்ல அரை நிமிடம் போதும். எண்பது சதவீத மதிப்பெண் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் மௌனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நார்மாலிட்டி, மோலாரிட்டி, நீர்த்தல் கணக்குகளைத் தினமும் இரண்டு போடுங்கள். எக்செல்லில் அளவுத்திருத்தக் கோடு வரையவும், அதன் சாய்விலிருந்து தெரியாத செறிவைக் கணக்கிடவும் பழகுங்கள். கல்லூரிக் கணினி அறையே இதற்குப் போதும்.

மருந்து நிறுவனம் ஒன்றுதான் வேதியியலுக்கு வேலை தரும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே அனல்மின் நிலையம் இருக்கிறது, உரத் தொழிற்சாலை இருக்கிறது, சாகுபுரத்தில் ரசாயனத் தொழிற்சாலை இருக்கிறது. கொதிகலனுக்குப் போகும் நீரில் கடினத்தன்மையும் சிலிக்காவும் பார்க்க ஆள் வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீருக்கும், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீருக்கும் சி.ஓ.டி., பி.ஓ.டி. பார்க்க வேண்டும்; கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை முதலாவது வேதிமுறையிலும் இரண்டாவது நுண்ணுயிர்கள் வழியாகவும் அளக்கும். சி.ஓ.டி. என்பது என்ன? மாதிரியை அமிலத்தில் டைகுரோமேட்டோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, மிஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய்வதுதான். ஃபெரோயின் என்ற நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்பாக மாறும் அந்தக் கணத்தைப் பிடிக்கும் கையும் கண்ணும் உங்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடுகின்றன. பி.ஓ.டி.யை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பது உலக வழக்கம். இந்தியத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள் என்கிறது. நேர்காணலில் இதைத் தெரிந்து சொல்பவரை மறுபடியும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. சரளமாகப் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்த சோதனையைப் பத்து வரியில், இறந்தகாலத்தில், என்ன எடுத்தேன், என்ன செய்தேன், என்ன வந்தது என்று எழுதத் தெரிந்தால் போதும். வாரம் ஒரு ப்ராக்டிகலை அப்படி எழுதி யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். உங்கள் ஆய்வகத்து அமிலப் பாட்டில் ஒன்றின் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையத்திலிருந்து எடுத்து, அதன் 16 பகுதிகளையும் ஒருமுறை படித்துப்பாருங்கள். ஆங்கிலமும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும்.

பட்டம் முடித்ததும் நேரடி வேலை அமையாவிட்டால், தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். அதைக் கவனிக்கும் தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டிக் கற்க நினைப்பதை, அந்தப் பயிற்சியில் மாதம்தோறும் உதவித்தொகை வாங்கிக்கொண்டே கற்கலாம்.

கடைசியாக ஷிஃப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான், பெரிய தொழிற்சாலைகளில் ஆய்வகமும் ஷிஃப்டில்தான் ஓடும். பெண்களை இரவில் போடுவது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதனால் நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்கும்போது, ஷிஃப்ட் நேரம், இரவில் வண்டி வசதி, விடுதி, அடையாள அட்டை வருவதற்கு முந்தைய பயிற்சிக் காலத்துச் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள். வேலை உத்தரவில் அவை எழுத்தில் வந்திருக்கின்றனவா என்று அப்பாவையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.