ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்: ஒரே கூம்பு எவ்வளவு சுமக்கும்?

(திரையில்: மரப்பெட்டி, நடுவில் ஒரே ஒரு வட்டக் கூம்பு.)

இந்தப் பெட்டியில் தாழ் சுரங்களுக்கான வூஃபரும் உயர் சுரங்களுக்கான ட்வீட்டரும் தனித்தனியே இல்லை; கூம்பை அசைத்து ஒலியெழுப்பும் டிரைவர் ஒன்றே ஒன்றுதான். ஆகவே ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றும் தேவைப்படுவதில்லை. எல்லாச் சுரங்களும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், பாடகர் எங்கே நிற்கிறார் என்பது கண்ணால் பார்ப்பதுபோலத் தெளிவாகிறது. இந்த அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. காற்றில் இவற்றின் அலைநீளம் முறையே சுமார் 17 மீட்டர், 1.7 சென்டிமீட்டர். இத்தனையையும் ஒரே கூம்பு எழுப்ப வேண்டும்.

(திரையில்: சிறிதும் பெரிதுமாக இரு கூம்புகள் அசைகின்றன.)

ஒலியின் அளவு மாறாமல் அதிர்வெண் பாதியானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஒரு பேஸ் (தாழ்) சுரத்துக்கு 20 செ.மீ. விட்டமுள்ள கூம்பு 2.4 மி.மீ. அசைந்தால் போதுமென்றால், 8 செ.மீ. கூம்பு அதே அளவு காற்றைத் தள்ள 15 மி.மீ. அசைய வேண்டும், சிறு டிரைவர்கள் பொதுவாக அதற்கு இடம் தருவதில்லை. எல்லை மீறும்போது, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சீரான காந்தப்புலத்தை விட்டு விலகுகிறது. அப்போது பேஸ் மட்டுமல்ல, அதே கூம்பில் ஒலிக்கும் குரலும் கலங்குகிறது.

கூம்பைப் பெரிதாக்கலாமே என்றால், 20 செ.மீ. விட்டத்துக்கு அலைநீளம் சமமாகும் 1,700 ஹெர்ட்ஸை ஒட்டியே ஒலி நேர்முன்னே குவிவது புலப்பட்டுவிடும். மேலே போகப் போக அது இன்னும் குறுகும். டிரைவரைக் கேட்பவர் பக்கம் திருப்பி வைத்தாலும், சுவர்களில் பட்டு வரும் ஒலி மங்கலாகவே இருக்கும்.

(திரையில்: கூம்பின் மையத்தில் சிறு துணைக்கூம்பு.)

எனக்கு இவற்றைவிடச் சுவையாகத் தோன்றுவது கூம்புக்குள்ளேயே நடப்பது. உயர் அதிர்வெண்களில் கூம்பு முழுவதும் ஒன்றாக அசைவதில்லை. அதன் பகுதிகள் ஒன்றுக்கொன்று எதிராக வளைந்து, சில சுரங்களைத் தூக்கியும் சிலவற்றை அமுக்கியும் விடுகின்றன. இதற்காகவே சிலர் மையத்தில் விஸ்ஸர் எனப்படும் துணைக்கூம்பை ஒட்டுகிறார்கள். பெரிய கூம்பு ஒதுங்கிக்கொள்ள, உயர் சுரங்களைச் சிறியது ஏற்கிறது. வேண்டாமென்று விலக்கிய கிராஸ்ஓவர், காகிதமும் பசையுமாக உள்ளே நுழைந்துவிட்டது என்றே சொல்லலாம். மின்சுற்றாக இருந்தால் உறுப்புகளை மாற்றித் திருத்தலாம். இங்கே ஒட்டியது ஒட்டியதுதான்.

அருகில் அமர்ந்து மிதமான ஒலியில் கேட்பவருக்கு இக்குறைகள் பெரிதாகத் தெரியாது. மற்றவர்கள் பேஸைத் தனி சப்வூஃபரிடம் ஒப்படைக்கிறார்கள். அப்போது கிராஸ்ஓவர் திரும்ப வந்தாலும், பெரும்பாலும் குரலுக்குக் கீழேயே நின்றுகொள்கிறது.